எட்டு மணிக்கு என்ன போடுகிறார்கள்?

ஓடிடி பற்றி, அதாவது நெட்பிளிக்ஸ், பிரைம் மாதிரி இணையத்தில் படம் காட்டுவது பற்றி, வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளை எல்லாம் பத்திரிகை ஆசிரியர் ஒரு மஞ்சள் பையில் போட்டு என்னிடம் கொடுத்தனுப்பிவிட்டார். “உங்க தொழிலைக் கெடுத்தது அதுதானே அண்ணாச்சி, பதிலையும் நீங்களே எழுதுங்க” என்று போனில் சிரிப்பு வேறு. நான் அம்பாசமுத்திரம் பக்கத்து ஆள். எண்பதுகளில் தியேட்டர் ஆபரேட்டர், அப்புறம் கல்யாண வீடுகளுக்கு வீடியோ டெக் வாடகை, 1994-லிருந்து கேபிள். ஒரு காலத்தில் 412 இணைப்பு இருந்தது, இன்றைக்கு 61. அதே தெருக்களில் இப்போது இணையத்துக்கு ஃபைபர் இழுத்துக்கொண்டிருக்கிறேன். ஆக, கெடுத்தவனிடமே கூலிக்கு இருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடிடி வந்ததால் தியேட்டர்கள் அழிந்துவிடுமா?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை*

சார், எங்கள் ஊர்க் கொட்டகை 2003-லேயே கல்யாண மண்டபம் ஆகிவிட்டது. ஓடிடி என்ற பேச்சே அப்போது கிடையாது. அதை மூட வைத்ததில் எனக்கும் பங்கு உண்டு. வெள்ளிக்கிழமை வந்த படத்தின் சி.டி. அடுத்த வாரம் கைக்கு வந்துவிடும். ராத்திரி பத்து மணிக்கு லோக்கல் சேனலில் ஓட்டுவோம். கொட்டகை முதலாளி ஒருநாள் சைக்கிளில் வந்தார். என் கேபிள் கண்ட்ரோல் ரூம் வாசலில் ஒரு காலை ஊன்றி நின்று, “நீ கார்பன் போட்ட கொட்டகைடே” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கார்பன் என்பது அந்தக் காலப் புரொஜெக்டர் விளக்கில் எரியும் குச்சி. இதை எழுதும்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஓடிடி செய்தது வேறு வேலை. படத்தின் ஆயுளைக் குறைத்துவிட்டது. நான் ஆபரேட்டராக இருந்தபோது ஒரு புதுப்படம் திருநெல்வேலி டவுணிலும் ஜங்ஷனிலும் ஓடி முடித்து, அம்பாசமுத்திரத்தில் ஓடி, எங்கள் ஊருக்கு வர மூன்று நான்கு மாதம் ஆகும். பெட்டி கடைசி பஸ்ஸில் வரும். திறந்தால் ஒவ்வொரு ரீலிலும் ஒட்டு மேல் ஒட்டு. திரையில் விடாமல் கீறல் மழை பெய்யும். வெயில் காலக் காட்சியைக்கூட நாங்கள் மழையோடுதான் பார்த்தோம்.

சினிமா வியாபாரத்தில் திருநெல்வேலியையும் கன்னியாகுமரியையும் சேர்த்து டி.கே. ஏரியா என்பார்கள். டி.கே.வுக்குப் படம் வாங்கியவர் போட்ட காசை எடுத்ததில், எங்களைப் போன்ற சின்ன ஊர்களின் இரண்டாம் ஓட்டத்துக்கும் மூன்றாம் ஓட்டத்துக்கும் பங்கு இருந்தது. டிஜிட்டல் வந்ததும் பெட்டி ஒழிந்தது, எல்லா ஊரிலும் ஒரே நாளில் ரிலீஸ். ஓடிடி வந்ததும் மிச்சமிருந்த வாரங்களும் போயின. தமிழ்ப் படம் இப்போது பெரும்பாலும் நாலு வாரத்தில் போனுக்கு வந்துவிடுகிறது. ‘மாஸ்டர்’ 2021 ஜனவரி 13-ல் தியேட்டருக்கு வந்து 29-ல் பிரைமுக்கு வந்தது. எண்ணிப் பாருங்கள், 16 நாள். வடக்கே மல்டிபிளெக்ஸ்காரர்கள் எட்டு வாரம் கேட்கிறார்கள். 2023-ல் ‘லியோ’வின் இந்திப் பதிப்பு அங்கே பெரிய மல்டிபிளெக்ஸ்களில் வராமல் போனது இந்தக் கணக்கால்தான்.

சண்டையும் பழைய சண்டைதான். 2013-ல் கமல் ‘விஸ்வரூபம்’ படத்தை டி.டி.எச்.சில் முதலில் காட்டப் பார்த்தார். தியேட்டர்காரர்கள் எதிர்த்தார்கள், நடக்கவில்லை. 2020 மே 29-ல் ‘பொன்மகள் வந்தாள்’ தியேட்டர் பக்கமே போகாமல் பிரைமில் வந்தது. இனி அந்தக் கம்பெனிப் படத்தைப் போடமாட்டோம் என்று அப்போதும் குரல் எழுந்தது. எல்லாத் தியேட்டரும் பூட்டிக் கிடந்த கொரோனா நேரம் அது.

அழியுமா என்றால், அழியாது. பெரிய நடிகர் படத்துக்கு முதல் மூன்று நாள் கூட்டம் வந்துகொண்டுதான் இருக்கும். அடிபடுவது நடுத்தரப் படங்கள். “நல்லாருக்காம்” என்று நாலு பேர் சொல்லி, பத்தாம் நாள் கிளம்பிப் போகும் கூட்டம் ஒன்று இருந்தது பாருங்கள், அது இப்போது வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டது. என் வீட்டுக்காரியே, “நாலு வாரத்துல வந்துரும், பொறுங்க” என்கிறாள்.

இருப்பதிலேயே சிறந்த ஓடிடி எது?
*ஜவுளிக்கடை ஊழியர், திருநெல்வேலி டவுண்*

உங்கள் மச்சான் எதற்குப் பாஸ்வேர்டு கொடுத்திருக்கிறாரோ அது. 2023 ஜூலையிலிருந்து நெட்பிளிக்ஸ்காரர்கள் வேறு வீட்டுக்குப் பாஸ்வேர்டு கொடுப்பதை இங்கேயும் கண்டிக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்பதால், மச்சானோடு ஒரே வீட்டில் இருப்பது உத்தமம்.

பத்து வயதிலிருந்து பீடி சுற்றுகிறேன். கை வேலையோடு ரேடியோ கேட்டேன், அப்புறம் சீரியல். இப்போது மகள் போனில் வெப் சீரிஸ் போட்டுக் கொடுக்கிறாள். பத்து நிமிடத்துக்கு மேல் முடியவில்லை. வயதாகிவிட்டதா எனக்கு?
*பீடித் தொழிலாளி, முக்கூடல்*

வயது இல்லை தாயி. பையிலிருந்த கேள்விகளிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது உங்களுடையது. எங்கள் அம்மாவும் பீடி சுற்றியவள்தான்.

மடியில் சொளவு (முறம்), அதில் நனைத்து வெட்டிய இலையும் தூளும். இலையை எடுத்துத் தூளை வைத்து உருட்டி, முனையை மடக்கி, நூல் சுற்றுவதெல்லாம் விரல் தானாகச் செய்துவிடும். ஆனால் இலை கிழிசலா, நரம்பு தடித்ததா என்று கண் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கடையில் கணக்குப்பிள்ளை பீடிக் கட்டைக் கையில் எடுத்ததுமே சொத்தையைக் கண்டுபிடித்து ஒதுக்கிவிடுவார். கண்ணும் கையும் வேலையில், காது மட்டும் சும்மா. இலங்கை வானொலியும் திருநெல்வேலி வானொலியும் எங்கள் தெருவில் அந்தக் காதுக்குள்தான் குடியிருந்தன.

அப்புறம் நான் கேபிள் ஒயரைக் கொண்டுவந்தேன். 2006-க்குப் பிறகு அரசாங்கம் இலவச கலர் டிவி கொடுத்ததும் ஓலை வீட்டுக்கும் இணைப்பு கேட்டார்கள். 2011-ல் அரசு கேபிள் 70 ரூபாய்க்கு வந்தது. டிவி வந்தாலும் எங்கள் அம்மா சீரியலைப் பார்க்கவில்லை, கேட்டாள். சுவரில் சாய்ந்து, டிவிக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பாள். வில்லி வருகிறாள் என்றால் முன்னாலேயே ஒரு இடி இடிக்கும். யார் பேசினாலும் எதிராளியின் பேரைச் சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள். நேற்று நடந்ததை இன்றைக்கு இரண்டு தடவை யாராவது எடுத்துச் சொல்வார்கள். இதையெல்லாம் படித்தவர்கள் கேலி பேசுவார்கள், நானும் பேசியிருக்கிறேன். ஒருநாள் அம்மா அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தும் கதை தவறவில்லை என்பதைக் கவனித்தேன். அன்றைக்குக் கேலியை நிறுத்தினேன். நிமிர்ந்து பார்க்க நேரமில்லாதவர்களுக்கென்று செய்த சரக்கு அது.

வெப் சீரிஸ் அப்படி இல்லை. ஒருவன் கதவைப் பார்ப்பான், பேசமாட்டான். கதவுக்கு அந்தப் பக்கம் நிழல். கொலையாளி யார் என்பதே அந்த நிழலில்தான் இருக்கும். நீங்கள் அந்த நேரம் நூலை அறுத்துக்கொண்டிருப்பீர்கள். கொரியன் என்றால் கீழே எழுத்து வேறு ஓடும். நல்ல சரக்குதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டு கையையும் சும்மா வைத்துக்கொண்டு இருட்டில் பார்க்கிறவர்களுக்குச் செய்தது. மகளிடம் சொல்லுங்கள்: செட்டிங்ஸில் போய் ஆடியோவைத் தமிழுக்கு மாற்றினால் டப்பிங் உள்ளவை தமிழில் பேசும். சில தொடர்களில் ‘ஒலி விவரிப்பு’ என்றும் ஒன்று உண்டு. பார்வையில்லாதவர்களுக்காக, திரையில் நடப்பதை ஒரு குரல் சொல்லிக்கொண்டே போகும். ஆங்கிலத்தில்தான் அது அதிகம். தமிழில் நிறைய வந்தால் நம்ம ஊரில் நல்ல கண்ணோடு இருப்பவர்களும் கேட்பார்கள்.

இன்னொன்று. டிவி சேனல்களே ஆப் வைத்துக்கொண்டு, சந்தா கட்டியவர்களுக்கு அன்றைய சீரியலைக் காலையிலேயே காட்ட ஆரம்பித்தார்கள். எங்கள் தெருவில் ஒரு மருமகள் அதைப் பார்த்துவிட்டு, ராத்திரி மாமியார் டிவி முன் உட்காரும்போது முடிவைச் சொல்லிவிடுவாள். அந்த வீட்டு இரண்டு இணைப்பும் என்னுடையது என்பதால் பஞ்சாயத்து என்னிடம் வந்தது.

டிவி நாள் முழுவதும் ஓடினாலும் தீருவதில்லை. போனில் ஒரு படம் பார்த்தால் 1.5 ஜிபி டேட்டா காலி. ஏன்?
*கல்லூரி மாணவி, மேலப்பாளையம்*

என் கண்ட்ரோல் ரூமிலிருந்து ஒரு ஒயர்தான் போகும். அதில் 400 வீடு தொங்கினாலும் 40 வீடு தொங்கினாலும் போவது ஒரே படம்; கோயில் வாசலில் கட்டிய ஸ்பீக்கர் மாதிரி, கேட்கிறவர் கேட்டுக்கொள்ளலாம். ஸ்ட்ரீமிங்கில் உங்களுக்கென்று தனிப் பிரதி புறப்பட்டு வருகிறது. நீங்கள் நிறுத்தினால் அது நிற்கும், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வருவது வேறு பிரதி. படத்தைச் சில விநாடித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் நாலைந்து தரத்தில் செய்துவைத்திருப்பார்கள். உங்கள் சிக்னல் எப்படியோ அதற்கேற்ற துண்டை உங்கள் போன் கேட்டு வாங்கும். பாளை பஸ் ஸ்டாண்டில் முகம் தெளிவாக இருந்து, பாலம் தாண்டியதும் கஞ்சி மாதிரிக் கலங்குவது இதனால்தான். நெட்பிளிக்ஸ் கணக்கில் எச்.டி. என்றால் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை இழுக்கும். மிகக் குறைந்த தரத்தில் 0.3 ஜிபி. ஐந்து அங்குலப் போனுக்கு எச்.டி. எதற்கு? குறைத்து வையுங்கள்.

ஒவ்வொருவருக்கும் தனிப் பிரதியைக் கடல் தாண்டி அனுப்பினால் கட்டுப்படியாகாது. அதனால் நெட்பிளிக்ஸ் தன் படங்களை நிரப்பிய சர்வர்களை இணைய நிறுவனங்களின் கட்டடங்களுக்குள்ளேயே கொண்டுவந்து வைத்திருக்கிறது. பார்க்கப்போனால் அதுவும் ஒரு கண்ட்ரோல் ரூம்தான், ஏ.சி. மட்டும் கூடுதல்.

கிரிக்கெட்டில்தான் வேடிக்கை. துண்டு நறுக்கி, சேர்த்துவைத்து, அனுப்பி முடிப்பதற்குள் பல விநாடி பிந்திவிடும். 2023-ல் ஐ.பி.எல். ஜியோ சினிமாவில் இலவசமாக வந்தபோது எங்கள் தெருவே போனில் பார்த்தது. கேபிள் வைத்திருந்த ஒரே டீக்கடையில் “ஓ...” என்று சத்தம் எழும்பும். போன்காரர்கள், பந்து போடுவதற்கு முன்னாலேயே தலையில் கை வைத்துக்கொள்வார்கள்.

பட்டியலில் சேர்த்து வைத்திருந்த பழைய படத்தைக் காணோம். யாரிடம் கேட்பது?
*தபால் துறை ஊழியர், சேரன்மகாதேவி*

யாரிடமும் கேட்க முடியாது. பல படங்களை அவர்கள் சில வருடத்துக்கு உரிமை வாங்கித்தான் காட்டுகிறார்கள். தவணை முடிந்தால் எடுத்துவிடுவார்கள். நீங்கள் கட்டுவது வாடகை. வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடித்ததாக நினைத்துக்கொள்ளுங்கள்.

தாராவியில் இருக்கிறோம். ஊர்ச் சுடலைமாட சாமி கொடைத் திருவிழாவை யூடியூபில் நேரலையாகப் பார்த்தபோது என் மாமியாருக்கு இங்கேயே அருள் வந்துவிட்டது. இது செல்லுமா?
*வாசகி, மும்பை (சொந்த ஊர் நாங்குநேரி பக்கம்)*

இதற்கு நான் பதில் சொல்லும் தகுதி இல்லாதவன் என்பதால், எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “திருநீறு யாரு பூசினா?” என்றார். நீங்கள் எழுதவில்லையே, யார் பூசினது?

கொடையை நேரலை செய்யும் வேலையை நாலு கோயிலுக்கு நானே செய்கிறேன். ஒரு போன், ஒரு முக்காலி, கோயில் வரை இழுத்த ஃபைபர். கோயில் வரி கட்டும் குடும்பங்களில் பாதி மும்பையிலும் சென்னையிலும் வளைகுடாவிலும் இருக்கிறது. அவர்கள் கேட்டுத்தான் ஆரம்பித்தது. வில்லுப்பாட்டில் வில்லுக்கு ஒரு மைக், குடத்துக்கு ஒரு மைக் வைத்தால் அடி நன்றாகக் கேட்கிறது. கணியான் கூத்தில் அடிக்கும் மகுடம் என்ற தோல் வாத்தியம்தான் போன் மைக்கில் தகரம் தட்டுவது போல் கேட்கும். துணி சுற்றிப் பார்த்தேன், கொஞ்சம் பரவாயில்லை.

தகராறும் உண்டு. சென்ற வருடம் வில்லுப்பாட்டில் நடுச்சாமம் தூக்கம் கலைக்க ஒரு பழைய சினிமா மெட்டில் கேலிப்பாட்டுப் பாடினார்கள். யூடியூபின் எந்திரம் அதைப் பிடித்துக்கொண்டு, பதிவில் அந்தப் பகுதியின் சத்தத்தையே எடுத்துவிட்டது. வாய் மட்டும் அசைகிறது. மும்பையிலிருந்து ஒரு வரிக்காரர், “சாமி கதையில ஊமையாப் போச்சே, என்ன குத்தமோ” என்று பயந்து போன் பண்ணினார். காப்புரிமை என்று புரியவைக்க அரை மணி நேரம்.

எனக்கு இதில் ஒரு மனக்குறை. கதையை முழுதாகக் கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள். சாமியாட்டம் வரும் பத்து நிமிடத்தை மட்டும் வெட்டிப் போட்டால் ஆயிரக்கணக்கில் பார்க்கிறார்கள்; சுடலை எப்படிப் பிறந்தான் என்று புலவர் பாடும் ஒன்றரை மணி நேரத்தை முப்பது பேர். அதற்காக வில்லுக்கும் கேமராவுக்கும் ஆகாது என்று சொல்லமாட்டேன். நம்ம சத்திரப் புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம் வானொலி, டிவி என்று எல்லாவற்றிலும் வில்லை ஏற்றிக் காட்டியவர்தானே. 2021-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், மறு வருடம் காலமானார்.

சாமி வேட்டைக்குக் கிளம்பும்போது நான் போனை அணைத்துவிடுவேன். ஊர்க் கட்டுப்பாடு அது. அந்த அரை மணி நேரம் கறுப்பாகத் தெரிந்தால் நெட் போய்விட்டது என்று திட்டாதீர்கள்.

வெப் சீரிஸுக்குக் கதை எழுத ஆசை. சினிமாவைவிட நல்ல பணமா?
*இளைஞர், வள்ளியூர்*

எழுதுங்கள். ‘வதந்தி’ வெப் சீரிஸ் கன்னியாகுமரிப் பக்கத்தில் நடக்கும் கதை. நம்ம பேச்சும் மண்ணும் விலைபோகிற நேரம் இது. பணத்தைப் பொறுத்தவரை, பொதுவாக ஒரே தடவைதான் கொடுப்பார்கள். தொடர் நூறு நாட்டில் ஓடினாலும் உங்களுக்கு வேறு கிடைக்காமல் போகலாம். எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கும் அவர்களிடமே இருக்கும். அமெரிக்காவில் எழுத்தாளர்கள் 2023-ல் 148 நாள் வேலைநிறுத்தம் செய்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தை வக்கீலிடம் காட்டுங்கள். மாமா வக்கீலாக இருந்தால் வேறு வக்கீலிடம்.

ஓடிடிக்கு சென்சார் கிடையாதா? பேச்சைக் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை.
*குடும்பத் தலைவர், களக்காடு*

தியேட்டர் படத்துக்கு இருக்கும் சென்சார் போர்டு இதற்கு இல்லை. 2021-ல் வந்த விதிகளின்படி அவர்களே வயது வாரியாகப் பிரித்துப் போட வேண்டும்: எல்லோருக்கும், 7, 13, 16 வயதுக்கு மேல், பெரியவர்களுக்கு மட்டும். பூட்டுப் போடும் வசதியும் வேண்டும். போட்டுக்கொள்ளுங்கள். மற்றபடி, நம்ம ஊர்க் குழாயடியைத் தாண்டி ஓடிடியில் புதிதாக எந்தச் சொல்லும் நான் கேட்கவில்லை.

வேலை முடிந்து படம் பார்க்க உட்கார்ந்தால், எதைப் பார்ப்பது என்று தேடுவதிலேயே ஒரு மணி நேரம் போகிறது. அப்புறம் தூங்கிவிடுகிறேன். உங்கள் யோசனை?
*ஐ.டி. ஊழியர், பெருமாள்புரம்*

என் 61 இணைப்பில் ஒன்று மேலத்தெரு ஆச்சியுடையது. எண்பது வயது, தனியாக இருக்கிறார். சென்னை மகன் பெரிய ஸ்மார்ட் டிவி வாங்கி அனுப்பி, ஃபைபரும் போடச் சொன்னான். போட்டேன். ரிமோட்டைக் கையில் கொடுத்து, “எது வேணும்னாலும் எப்ப வேணும்னாலும் பாக்கலாம் ஆச்சி” என்றேன்.

“அது சரிய்யா, எட்டு மணிக்கு என்ன போடுதான்?”

“யாரும் போடமாட்டாங்க ஆச்சி. நீங்களேதான் போட்டுக்கிடணும்.”

“நானா போடணும்?” என்று ரிமோட்டைப் புரட்டிப் பார்த்தார். “ராத்திரிக்கு என்ன ஆக்கன்னு அறுபது வருசம் நான்தான் யோசிச்சேன். இதையும் நானே யோசிக்கணுமாக்கும்?” ரிமோட் என் கைக்குத் திரும்பி வந்துவிட்டது.

உங்களுக்கு என் யோசனை, பகலில் டீ குடிக்கும்போதே நண்பர் யாரிடமாவது கேட்டு ஒரு பேரைத் துண்டுச் சீட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி அதை மட்டும் போடுங்கள், நன்றாக இல்லாவிட்டால் அணைத்துவிட்டுப் படுங்கள்.

ஆச்சி வீட்டுப் புது டிவியில் இப்போது பழைய செட்டாப் பாக்ஸ்தான் ஓடுகிறது. மகன் கட்டும் ஃபைபரில், தெருப் பையன்கள் திண்ணையில் உட்கார்ந்து போனில் கிரிக்கெட் பார்க்கிறார்கள். சீரியலில் விளம்பரம் வந்தால் ஆச்சி சேனலை மாற்றி மேட்சை எட்டிப் பார்ப்பார். “ஏல, விக்கெட் போச்சு” என்று உள்ளேயிருந்து சொல்வார். திண்ணையில் அப்போதுதான் பவுலர் ஓடிவர ஆரம்பித்திருப்பான்.